காற்றுப் போன சைக்கிள்

“றோட்டெல்லாம் முள்ளு, பார்த்து ஓடு பிள்ளை,” என்று போன கிழமை அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்தபடி சொன்னபோது, மிரியம் “ஓம் அப்பா” என்று மட்டும் சொன்னாள். வகுப்புப் பெடியள்தான் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். “தள்ளுவண்டி வருகுது, வழி விடுங்கோடா!” என்று சந்திவரை பின்னால் வருகிறார்கள். சொன்னால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவாரோ?

இன்று அப்பா டியூப்பைக் கழற்றி வாளித் தண்ணீரில் அமுக்கினார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் மாறி மாறி நடந்தாள். நாளைக்குப் புத்தகப் பையும் கடலுக்குள் என்று அந்தப் பெடியளில் ஒருவனான றூபன் வெருட்டியிருந்தான்.

“ஒரு குமிழியும் வரேல்லையே. ஆரேன் காற்றைத் திறந்து விடுறாங்களோ, பிள்ளை?”

அவள் நின்றாள்.

“ஓம் அப்பா, வகுப்புப் பெடியள். என்னை மறிக்காதேங்கோ, நான் படிக்கவேணும். நாளைக்கு என்னோடை வந்து அதிபரிட்டைக் கதையுங்கோ.”