தலைவர் முகத்தில் விழுந்த முதல் ஓட்டு

எனிஃபாவுக்குப் பால் சுரக்கவில்லை. வார்டு முழுக்கத் தெரிந்த சங்கதி அது. குறைமாதப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பையில் பால் பீச்சுவதுதான் அங்கே வழக்கம். யார் கோப்பை காலி என்று பார்க்க மூக்குக்கண்ணாடி தேவையில்லை.

எனிஃபாவின் மகளுக்கு இன்னும் சப்பத் தெம்பில்லை. மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் பால் போக வேண்டும். சூடு குறையாமலிருக்க, அவளைத் தோலோடு தோலாக அம்மாவின் மார்பில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டியது அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெஞ்சே என்ற அச்சுத்துணி, மாமியார் கொடுத்தது. மாமியார் கட்சியின் மகளிரணித் தலைவி. ஆகவே துணி நிறையக் கட்சித் தலைவர் சிரித்தார். அதில் ஒரு பெரிய முகம் சரியாகக் குழந்தையின் பிட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்," என்றார் சிஸ்டர் ம்வாலே. "ஒரு ஸ்பூனாவது வரலைன்னா பவுடர் டப்பாவைத்தான் திறக்கணும்மா."

டப்பாப் பால் குடித்த ஒரு பிள்ளையின் வயிறு உப்பிப்போனதை எனிஃபா கண்ணால் பார்த்தவள். அமுக்கினாள், பிசைந்தாள், உள்ளுக்குள் கெஞ்சினாள். கோப்பை காய்ந்தே கிடந்தது.

போதாக்குறைக்கு மாமியார் வேர்க்கடலைக் கஞ்சியோடு வந்து நின்றாள். "எங்க வம்சத்துல ஒருத்திக்கும் இப்படி ஆனதில்ல."

பக்கத்தில் பால் பீச்சிக்கொண்டிருந்த ஃபைனெஸுக்குப் பொறுக்கவில்லை. அவள் எதிர்க்கட்சி.

"அவளை ஏன் திட்டறீங்க அத்தை? துணியைப் பாருங்க. உங்க தலைவர்கிட்டயும் இத்தனை வருஷமா கோப்பையை நீட்டிக்கிட்டுத்தானே நிக்கிறோம். ஒரு சொட்டு விழுந்துச்சா?"

பெஞ்சு குலுங்கியது.

"உன் ஆளு மட்டும் என்னவாம்?" என்றாள் மாமியார். "மேடையில பீச்சி அடிப்பான். கிட்டப் போனா வெறும் காத்து!"

"வார்டுல அரசியல் பேசக் கூடாது," என்று அதட்டிய சிஸ்டர், சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை தன் கருத்தைத் தெரிவித்தாள். கீழ்த்துணியைத் தாண்டி, தலைவரின் நெற்றியில் கரும்பச்சையாகத் தொடங்கி மீசை வரை பரவியது.

"ஐயோ, தலைவர் மூஞ்சி!" என்று அலறினாள் மாமியார்.

"முதல் ஓட்டு விழுந்திருச்சு," என்றாள் ஃபைனெஸ்.

எனிஃபா சிரித்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள், மூச்சு முட்ட, வெட்கங்கெட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க மார்பில் சுருக்சுருக்கென்று குத்தியது. குனிந்து பார்த்தால் துணி நனைந்திருந்தது. தலைவரின் கன்னத்தில் பால்.

"சிஸ்டர்! வருது! கோப்பை கொடுங்க!"

அவள் கோப்பை எப்போதோ தரையில் உருண்டிருந்தது. கஞ்சிப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிய மாமியார், தட்டிலிருந்து சுத்தமான கோப்பையை எடுத்து வந்து தானே அடியில் பிடித்தாள்.

"அந்த ஆளுக்குக் கொடுத்தது போதும்டி. மிச்சம் எம் பேத்திக்கு," என்றாள்.

ஒரு ஸ்பூனுக்கு மேலேயே வந்தது. சிஸ்டர் ம்வாலே அதைக் குழாயில் விட்டபோது பெஞ்சே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. பால் மெல்ல இறங்கியது. மாமியார் கட்டை அவிழ்த்தாள். அந்தத் துணியில் கால் பட்டாலே மன்னிப்புக் கேட்பவள், கறைபடாமல் மிச்சமிருந்த தலைவரின் தாடையைத் தேடிப் பிடித்து, அதாலேயே பேத்தியின் பிட்டத்தைப் பதமாகத் துடைத்தாள்.