கட்டை வால்

ஒட்டக வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்து உலகத்துக்கு என்ன லாபம் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள், அடிக்க வருவாள். வருஷக்கணக்காக அறுப்புக்கூடத்துக்குப் போய், அப்போதுதான் கிழித்த வயிற்றில் கைவிட்டு, பச்சைக் கூழை அள்ளி ஃபிளாஸ்கில் அடைத்து வரும் ஆராய்ச்சி மாணவி. நகக்கண்ணில் ஏறிய நாற்றம் எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

அந்தக் கூழைத் துணியில் வடிகட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரே நெளிசல். ஒற்றைச் செல் உயிர்கள், வாயோரம் துடிக்கும் இழைகள், பின்னால் முள் மாதிரி வால். இழையையும் வாலையும் பார்த்து இன்ன வகை என்று பிரிப்பதுதான் அவள் வேலை. போன வருஷம் ஒன்று சிக்கியது. ஆட்டு வயிற்றில் வாழும் பழைய வகைக்கு நீள வால், இதற்குக் கட்டை வால். புது இனம் என்று கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. அது அச்சேறினால் டாக்டர் பட்டம், ஒட்டகத்துக்குப் பெரிய கும்பிடு.

“அக்கா, என் ஆட்டு ஸ்லைடைக் கொஞ்சம் பாரேன்,” என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

பார்த்தாள். நீள வால்களுக்கு நடுவில் கட்டை வால்கள் சாவகாசமாகக் கிடந்தன.

“நீ எந்தத் துணியில வடிகட்டுறே?”

“உன் துணியிலதான். நல்லா அலசித்தானே காயப்போடுறேன்?”

“அடப்பாவி!”

அலசினால் போகிற ஜென்மங்களா அவை? வடிகட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒட்டகக் கூழையெல்லாம் புதுத் துணியில் வடிகட்டிப் பார்த்தாள். கட்டை வால் ஒன்றுகூட இல்லை. அவளுடைய புது இனம், துணியில் ஒட்டி வந்த ஆட்டு வயிற்றுப் பழைய வகைதான்.

அவளுடைய பேராசிரியர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “விடும்மா. எவன் ஒட்டக வயித்தைக் கிண்டிப் பார்க்கப்போறான்? என் பேரும் அதுல இருக்கு.”

அவளுக்கு ச்சீ என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷ நாற்றத்தில் வராத அருவருப்பு இப்போது வந்தது.

“கட்டுரையைத் திரும்ப வாங்கிடறேன் சார்.”

“அப்போ பட்டம்?”

“முதல்லேருந்து செய்யறேன்.”

மறுநாள் கசாப்புக்காரர் கத்தியைத் தீட்டியபடி சிரித்தார். “என்னம்மா, இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்னியே?”

“பேசாம வயித்தைக் கிழிங்கண்ணே,” என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு முழங்கைவரை கையை உள்ளே விட்டாள்.