அக்கா வீட்டுப் பூங்கா

பஞ்சை நறுக்கிப் பச்சைச் சாயத்தில் தோய்த்துச் செய்த குட்டி மரங்களைப் பசை தொட்டு ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தான் மாடல் செய்பவன். பெருந்திட்ட வாரியத்துக்கு அவன் செய்யும் மூன்றாவது மாடல் இது. பெரிய முதலாளிகளை அழைத்து வந்து சுற்றி நிற்க வைத்து ஆசை காட்ட வேண்டுமே, அதற்கு. தொழிற்சாலை, சரக்குக் கிடங்கு, நாலு வழிச் சாலை, எல்லாம் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டன. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தில்தான் அக்காவின் வீடு இருந்தது. அவள் தையல் மிஷின் மிதித்து இவனைப் படிக்க வைத்து, மிச்சத்தில் கட்டிய வீடு.

அந்த வீட்டை விட்டுவிட முடியுமா என்று வெட்கத்தை விட்டு வாரியத்தின் நில எடுப்பு அதிகாரியம்மாவிடம் கேட்டும் பார்த்தான். நல்ல மனுஷிதான். "இடத்த எடுக்கறதும் நாங்கதான், ஆட்சேபம் கேக்கறதும் நாங்கதான், முடிவு சொல்றதும் நாங்கதான். சட்டம் அப்படி. நோட்டீஸ் வந்த முப்பது நாளைக்குள்ள அக்காவ மனு போடச் சொல்லுங்க, கொஞ்ச நாளாவது தள்ளிப்போகும்" என்றார். தெருவே மனு போடும்போது அக்கா மட்டும் சும்மாவா இருப்பாள் என்று இவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அவளிடம் பேச்செடுக்கத்தான் நா எழவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் மாடலைக் கண்ணாடி போட்டு மூடிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அக்கா நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி கைவேலை என்று முகமெல்லாம் பூரிப்பு.

"இது நம்ம ஸ்கூல். இது தண்ணித் தொட்டி. நம்ம வீடு எங்கடா?"

"அக்கா, மனு போட்டியா?"

"எல்லாரும் போட்டாங்க. நான் எதுக்குப் போடணும்? என் தம்பியே உள்ள இருக்கான், அவன் பாத்துப்பான்னு சொல்லிட்டேன்."

வாரியத்தில் அவனுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது, வேலை முடிந்தால் வாசலோடு சரி என்று எப்படிச் சொல்வது? அந்த நேரம் பார்த்து அதிகாரியம்மா வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"எல்லாம் இவன் செஞ்சதுங்க. எங்க வீட்டத்தான் இன்னும் வைக்கல. கடைசியா வைப்பான் போல."

அதிகாரியம்மா இவனைப் பார்த்தார். இவன் தரையைப் பார்த்தான். அக்கா குனிந்து, இன்னும் குனிந்து, மூச்சு பட்டுப் பனித்த கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி தேடினாள்.