புழுவை விட்டுவிட்டு ஒரு கதை

1

இந்தக் கதை என்னிடம் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் ஒரு நிறுவனம் தொகுப்பு நூல் போடுகிறது. தலைப்பு, 'நிலைபேறான உணவு எதிர்காலம்'. அதற்குப் பொறுப்பான சுலக்ஷனா தொலைபேசியில் அழைத்து, "தோட்டத்துப் பொம்பளைங்கள வச்சு நம்பிக்கையா ஒரு கதை வேணும் சேர்" என்றார். கொட்டகலைப் பக்கம் நாகலெட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். புழு வளர்க்கிறாள் என்றேன். 

"புழு இல்லாம எழுத முடியாதா சேர்?"

முயன்று பார்த்தேன். அதன் விளைவு கீழே.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகும் தேயிலை மலையில், புதியதோர் விடியலை நோக்கி நாகலெட்சுமி…'

(இல்லை. அந்த நேரத்தில் அவள் பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்ப்பதிவுக்கு, பிந்திவிட்டதால் கொழுந்துக் கூடையோடு ஓடிக்கொண்டிருப்பாள். விடியலை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

இரண்டாவது: 'உலகில் விளையும் உணவில் கணிசமான பங்கு வீணாகிறது. ஆகவே…'

(அந்த 'ஆகவே'யை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாவது: நாகலெட்சுமியிடம் கோழிகள் இருந்தன. கோழித்தீனி விலை ஏறிவிட்டது.

சரி, இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

புருஷனுக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவளும் கோழிகளும்தான். தீனி வாங்கிக் கட்டுப்படியாகாமல் கோழிகளை விற்றுவிடலாம் என்று இருந்தவள், போனில் ஒரு வீடியோ பார்த்தாள். மிச்சச் சோற்றில் ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழுவை வளர்த்துக் கோழிக்குப் போடுகிறார்கள். பழைய நீலப் பீப்பாய் ஒன்றை அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டி வைத்து*, மேலே கொசு புகாத நுளம்பு வலை கட்டினாள். கொட்டகலைக் கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் சுந்தரலிங்கம் முதலாளியிடம் விற்காத பாண் கேட்டு வாங்கினாள். லயத்தில் வீட்டுக்கு வீடு மிச்சச் சோறு கொடுத்தார்கள். பாத்திக்குப் போட ஏதோ பசளை செய்கிறாள் என்று நினைத்தார்கள், அவளும் மறுக்கவில்லை.

புழு பெருத்தது. கோழிகள் முட்டையிட்டுத் தள்ளின. லயமே அவளிடம்தான் முட்டை வாங்கியது.

(* குளிரில் இந்தப் புழு மந்தமாகிவிடும். சுவரின் மறுபக்கம் அடுப்பு எரிவதால் பிழைத்தது. இந்தக் குறிப்பைச் சுலக்ஷனா வெட்டிவிடுவார், இப்போதே படித்துவிடுங்கள்.)

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா, சோற்று வாளியைத் தானே கொண்டுவந்து, தானே பீப்பாயின் வலையை விலக்கினாள்.

"ஏன்டி நாகு, இது என்னா?"

"புழுக்கா."

"எதுக்கு?"

"கோழிக்கு."

காலையில்தான் மீனம்மா இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டிருந்தாள். 

"அப்ப நாங்க தின்னது?"

"முட்டக்கா."

"புழு முட்ட."

"கோழி வெளிய கெளறி என்னாத்தக்கா திங்குது? இடியப்பமா?"

மீனம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் லயம் முழுக்கச் சொன்னாள். மறுநாளே முட்டை வாங்க ஆளில்லை, சோறு தரவும் ஆளில்லை. மலையில் கொழுந்தெடுக்கும்போது பெண்கள் அவளுக்கு ஒரு நிரை தள்ளியே நின்றார்கள்.

(மீனம்மாவை வில்லியாக்கத்தான் திட்டமிட்டேன். ஆனால் போன மாரியில் நாகலெட்சுமி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது?)

அந்தக் கஞ்சியை நினைத்தபோதுதான் நாகலெட்சுமிக்குக் கண் கலங்கியது. பீப்பாயை உதைத்துத் தள்ளிவிடலாமா என்று அதன் முன்னால் போய் நின்றாள். கோழிகள் தீனி வருகிறது என்று காலைச் சுற்றிக்கொண்டன. காலைத் தூக்க இடமில்லை. வழக்கம்போல அள்ளிப் போட்டாள்.

5

சேர்ந்துபோன முட்டைகளை எடுத்துக்கொண்டு சுந்தரலிங்கத்தின் பேக்கரிக்குப் போனாள். அவர் வாய் திறக்கும் முன் இவளே தொடங்கினாள்.

"மொதலாளி, இது புழு தின்ன கோழியோட முட்ட. பொறவு சொல்லலன்னு சொல்லக்கூடாது."

அவர் ஒன்றை உடைத்துக் கிளாசில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மஞ்சக்கரு நல்லாத்தான் இருக்கு. வாரா வாரம் கொண்டாங்க. ஆனா யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க."

"நான் சொல்லல மொதலாளி. லயத்துல ஏற்கனவே சொல்லிட்டாங்க."

இதற்கிடையில் லயத்து மிச்சச் சோறு பழையபடி கழிவுநீர்க் கானுக்குள் விழுந்தது. வாசனை பிடித்துக் காட்டுப்பன்றிகள் இறங்கின. கானைக் கிளறியவை அப்படியே மீனம்மாவின் லீக்ஸ் பாத்தியையும் கிளறிவிட்டுப் போயின. காலையில் மீனம்மா வாளியோடு நாகலெட்சுமியின் வாசலில் நின்றாள்.

"பன்னி ஒன்னையும் விட்டு வைக்கல. இந்தா, இத ஒன் பீப்பாவுல கொட்டு."

"முட்ட தரவாக்கா?"

"அதெல்லாம் வேணாம்."

இதுவரை எழுதியதைச் சுலக்ஷனாவுக்கு வாசித்தேன். "இங்கயே முடிச்சிருங்க சேர். சமூகப் பங்கேற்புன்னு போட்டுக்கலாம்" என்றார். நானும் முடித்திருப்பேன். ஆனால் அந்த மாதம் மீனம்மாவின் மகள் பிரேமினிக்கு இருபத்தொரு வயது நிறைந்தது.

6

லயத்தில் எல்லோருக்கும் அழைப்பு, நாகலெட்சுமிக்கும்தான். இருபத்தொன்றுக்கு வழக்கமான சாவி வடிவில் பெரிய கேக். பக்கத்தில் கிடந்த பெட்டியில் சுந்தரலிங்கத்தின் பேக்கரிப் பெயர். வாரா வாரம் அங்கே முட்டை கொடுத்துவந்த நாகலெட்சுமி, அதைப் பார்த்ததும் கதவோரமாகப் போய் நின்றுகொண்டாள். மீனம்மா தேடி வந்து ஒரு துண்டைக் கையில் வைத்தாள்.

"சாப்புடு நாகு. எப்புடி பஞ்சு மாதிரி இருக்கு பாரு. முட்டையப் பத்தி மொதலாளிகிட்ட நல்லா கேட்டுட்டுத்தான் வாங்குனேன்."

(அ) நாகலெட்சுமி உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் திருந்தி, நிலைபேறாக வாழ்கிறார்கள். (சுலக்ஷனாவுக்குப் பிடித்த முடிவு.)

(ஆ) சொல்லாமல் தின்றுவிட்டு இன்னொரு துண்டு கேட்கிறாள்.

(இ) முட்டை யாருடையது என்று முதலாளி மீனம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் வாங்கியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வருவது இவ்வளவுதான்.

எது நடந்தது என்று நாகலெட்சுமியிடமே கேட்டேன். "கேக்கு நல்லாருந்துச்சுங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஆகவே மீதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வாயில் கேக் இருக்கிறது. மீனம்மா எதிரே நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாகலெட்சுமி மென்று முடிப்பதற்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தால் போதும்.