அவர் பெயர் ஒட்டிய டப்பா

காலையில் சிவசக்தி போன் செய்து, "ஐயாவோட ரிசல்ட் வந்துட்டும்மா, ரொம்ப நல்லா இருக்கு, நேர்லயே வந்து சொல்லுதேன்" என்றாள். அப்போதிருந்து கோமதித்தாய்க்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். தீய்ந்த வாடை வந்த பிறகு அடித்துப் பிடித்து உள்ளே ஓடினாள். பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் தினமும் கேட்பதுதான், இன்றைக்கு மண்டைக்குள்ளேயே தறி போட்டதுபோல அடித்தது. நல்ல ரிசல்ட் என்றால் யாருக்கும் சந்தோஷம்தான் வரும். இவளுக்கு வரவில்லை. வந்த ரிசல்ட் புருஷனுடையது அல்ல, தன்னுடையது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

புருஷன் இசக்கித்துரை ஆட்டுத் தரகர். லேசுப்பட்ட தரகர் இல்லை. ஆட்டின் இடுப்பில் கைகொடுத்து ஒரு தூக்குத் தூக்கினால் கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார், தராசெல்லாம் பிறகுதான். இளையரசனேந்தல் பக்கமிருந்து கிடாய் ஓட்டி வருகிறவர்கள்கூட அவர் வாயைத்தான் பார்த்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒருநாள், காலையில் தானே விற்றுக் கொடுத்த கிடாயை மத்தியானம் மறுபடி விலை பேசினார். சந்தையே சிரித்தது. அதோடு சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே கிளம்பினோம் என்று யோசித்தபடி நிற்பார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் கோமதித்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அங்கேதான் சிவசக்தியைப் பார்த்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண், உள்ளூர்க்காரிதான். வல்லாரையும் நீர்ப்பிரமியும் சேர்த்த பொடியை மறதிக்காரர்களுக்குக் கொடுத்து, அது வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கிறாளாம். மூளைக்கான மருந்துக்கு வயிற்றில் என்ன சோலி என்று கோமதித்தாய் கேட்டதற்கு, அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"பொடி அப்படியே மூளைக்கு ஏறாதும்மா. குடல்ல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. எல்லாம் கெட்டதில்ல. அதுகதான் பொடியை உடைச்சு, உடம்புல சேருத மாதிரி மாத்துது. பொடியும் பதிலுக்கு அந்தக் கூட்டத்தை மாத்துது. அதைப் பாக்கத்தான் மலம் கேக்கோம்."

பொடிக்கு முந்தி ஒரு தடவை, பொடி தின்ற பிறகு ஒரு தடவை கொடுக்கவேண்டும். முதல் தடவை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார் என்று இசக்கித்துரை வாய் பேசாமல் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவை வீட்டில். பெயர் ஒட்டிய டப்பாவைக் கோமதித்தாய் நீட்டியதுதான் தாமதம், மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? சந்தைல நாலு பேரு மதிக்க நின்னவன் நான். என் பீயை டப்பால அடைச்சு ஒரு பொம்பளப் புள்ள கைல குடுக்கவா? செத்தாலும் மாட்டேன்!"

டப்பா பறந்து போய்க் கொல்லைச் சுவரில் மோதி விழுந்தது.

டப்பாவை வாங்கிப்போக ஐஸ் பெட்டியோடு வந்தவர் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், பொடி நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். டப்பாவைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டு தானே கக்கூசுக்குள் போனாள். ஒரே பானைச் சோற்றைத்தானே இரண்டு பேரும் தின்கிறோம், ஒரே குடத்துத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம், வயிறு மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். புருஷனுடைய கௌரவத்தைக் காப்பாற்றிவிட்டதாகக்கூட அன்றைக்கு நினைத்தாள்.

போனில் சொன்னபடியே சிவசக்தி வந்து, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சிரித்த முகமாக உள்ளே வந்தாள். இசக்கித்துரை கட்டிலில் உட்கார்ந்து, துண்டின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இவ்வளவு மாத்தம் வேற யாருக்கும் வரலம்மா. முதல்ல இருந்த கூட்டமே இப்ப இல்ல, எல்லாம் புதுசு! ஐயா வயிறு பொடியை நல்லா ஏத்துக்கிட்டுன்னு எங்க சாருக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டர்கிட்டயும் பேசிட்டாங்க. நாளையிலருந்து பொடியை ரெண்டு மடங்காக்கிருவோம்."

கோமதித்தாய்க்குத் திக்கென்றது. இப்போது தின்கிற பொடிக்கே அவருக்கு வயிற்றாலே போகிறது. அதையும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பொடியை நிறுத்திவிடுவார்களே என்றுதான் மறைத்தாள். இவள் வயிற்றை நம்பி அவர் வயிற்றில் இன்னொரு மடங்கைக் கொட்டப் போகிறார்கள். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? வாயைத் திறந்தால் அவர் மானம் போகும், பொடியும் போகும். நீட்ட வந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மக்கா, அது அவுக வயிறு இல்ல. என் வயிறு."

சிவசக்திக்கு முதலில் விளங்கவில்லை. கோமதித்தாய் பொலபொலவென்று எல்லாவற்றையும் கொட்டினாள், வயிற்றாலே போகிறதையும் சேர்த்து. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கோபப்படவில்லை.

"ஒரே சாப்பாடு சாப்பிட்டாலும் ஆளுக்கு ஆள் வேறம்மா. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் வேறதான். நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க. பொடியைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு டாக்டரைப் பாப்போம். ஐயா ஏன் மாட்டேன்னாங்க?"

"வெக்கம் மக்கா. வெக்கப்பட்டு டப்பாவை விட்டெறிஞ்சுட்டாக."

சொல்லிவிட்டு, கட்டிலிலிருந்து புருஷனின் திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு விழவில்லை.

"நான் எப்பட்டி மாட்டேன்னேன்?" இசக்கித்துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரில கேட்டா குடுக்க வேண்டியதுதான. இதுல என்ன வெக்கம்? டப்பா வச்சிருக்கியா தாயி? குடு, இப்பவே கொண்டாரேன்."

சிவசக்தி பையிலிருந்து புது டப்பா எடுத்துப் பெயரை ஒட்டிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். துண்டுக்குள் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்செல்வி மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் "என்ன அண்ணாச்சி அது?" என்று கேட்க, டப்பாவை உயர்த்திக் காட்டி விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தீங்களாம்மா, ஐயாவே ஒத்துக்கிட்டாங்க" என்று சிவசக்தி திரும்பினாள். கோமதித்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"மாட்டேன்னு விட்டெறிஞ்ச மனுஷனுக்குத்தான மக்கா நான் மருந்து கேட்டேன். இப்ப அந்த வெக்கமே அவுகளுக்கு மறந்துபோச்சே."