பத்து லட்சத்து மூன்று

சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் நான் குத்திய ஒரு முத்திரையால், தையல்காரம்மாவும் அவர் தம்பியும் பிரித்துக்கொள்ளவிருந்த வீட்டில் ஓர் அறை கூடிவிட்டது. பதிவு அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் குத்துவது என் வேலை. கருவியை அழுத்தும்போதெல்லாம் எண் ஒன்று ஏறும். மை காய்ந்துவிட்டதோ என்று பொட்டலத்தில் அழுத்திப் பார்த்தேன். பத்து லட்சத்து இரண்டு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி விழுந்தது. அது சொன்ன பேச்சு கேட்கிற எண். இரண்டாலும் வகுபடும், மூன்றாலும் வகுபடும். அவர்களுடைய பாகப்பிரிவினைக் கோப்புக்கு வாய்த்தது பத்து லட்சத்து மூன்று. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். ஏழு இலக்கப் பகா எண்களில் கடைக்குட்டி. பாகம் பிரிக்கப் பகா எண் கொடுத்த ஒரே எழுத்தர் நான்தான்.

வீட்டில் ஆறு அறைகள். குழாயை மூடாமல் விட்டது யார் என்று தொடங்கிய சண்டையில் தையல்காரம்மாவுக்குத் தனி வாசல் வேண்டியிருந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் தம்பிக்கு அக்காவின் குரல் கேட்காத சுவர் வேண்டியிருந்தது. நில அளவையர் ஆளுக்கு மூன்று அறையென்று சுண்ணாம்புக் கோடு போட்டு நிமிர்ந்தார். கோட்டின் மேல் ஏழாவதாக ஓர் அறை நின்றது. ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாம் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பழைய அளவுதான். கோப்பு எண்ணை இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது, அதுதான் இந்த அறை என்று அளவையர் குறித்துக்கொண்டு, தேநீர் குடிக்கப் போனார்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை வரவழைத்தார்கள். ஆயிரத்துக்குக் கீழுள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, "இது மசியாதுப்பா, உங்க ஆபீஸ் மாதிரியே" என்றார். மேலதிகாரி, தூரத்துச் சொந்தங்களையும் சேர்த்து ஏழு பங்காகப் போடச் சொன்னார். கோப்பு எண்ணை ஏழால் வகுத்தால் நான்கு மிஞ்சும்; கோட்டின் மேல் நான்கு அறைகள் முளைத்தன. பதினொன்றாகப் போட்டாலும் நான்கு, பதின்மூன்றானாலும் நான்கு. பெருக்கித் துடைக்க ஆளில்லாமல் திட்டம் கைவிடப்பட்டது. கடைசியில், வீட்டை ஒருவரே வைத்துக்கொள்ளலாம், அல்லது பத்து லட்சத்து மூன்று பேர் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அலுவலகம் கடிதம் அனுப்பியது. குத்திய எண்ணை மாற்ற விதியில்லை. அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன்.

வருஷா வருஷம் அந்த வீட்டுக்குப் போய், "என்மேல கோவமா? அனுமதி வந்தா எண்ணை மாத்திடவா?" என்று கேட்பேன். "அக்காவக் கேளுங்க சார்" என்பார் தம்பி. "அவனையே கேளுங்க. எல்லாம் தெரிஞ்ச மகராசன்" என்பார் அக்கா. இருவரும் அந்த ஏழாவது அறையில்தான் இருப்பார்கள். மற்றவர் பங்கில் கால் வைக்கமாட்டோம் என்று சபதம். இது யார் பங்கும் இல்லை. தையல் எந்திரம் ஒரு மூலைக்கு வந்தது, கடிகாரங்கள் எதிர்மூலைக்கு.

பதினோராம் வருஷம் அனுமதி வந்தது. புது எண் இரட்டைப்படை; வகுத்தால் மிச்சமே இராது. கருவியோடு போய் நின்றேன்.

"முடிவாச் சொல்லுங்கம்மா. குத்திடவா?"

தம்பி கடிகாரத்திலிருந்து தலை தூக்கவில்லை. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வேணாம்ங்க. இந்த ரூமும் போயிட்டா, நாங்க எங்க உக்காந்து சண்ட போடுறது?"