ஒன்றரைப் பாகம்

விடிவதற்குள் டெர்வின் எண்பது தடவை ஈயக்குண்டை வீசியிருந்தான். லாஞ்சின் முனையில் நின்று வீச வேண்டும். குண்டு கடலடியில் இடிப்பதை விரலால் அறிந்து, ஈரக்கயிற்றை இழுத்து, ஆழத்தைப் பாகக் கணக்கில் கத்த வேண்டும்; ஒரு பாகம் ஆறடி. உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு எரிந்தது. இரு தீவுகளுக்கு நடுவே அந்த நீரிணை அகலமாகத்தான் தெரியும். ஆனால் கப்பல் போகும் வழி மேற்குக் கரையை ஒட்டிய ஒடுங்கிய பள்ளம் மட்டும். மற்றதெல்லாம் பாறையும் சேறும். வளைவில் குண்டு சட்டென்று தட்டியது.

“ஒண்ணரைப் பாகம்!”

பின்னால் நின்ற காண்ட்ராக்டர் முகம் சுளித்தார். “க்யா ரே, மூணுன்னு சொல்லு. இங்க தோண்டி முடிச்சாச்சுன்னு இன்னைக்கே காட்டணும்.”

டெர்வினுக்கு வேலை போய்விடக் கூடாது.

“மூணு பாகம்” என்றான். அது ஏட்டில் ஏறியது. அந்த இடத்தில் வழிகாட்டும் மிதவைகளையும் போட்டார்கள்.

மூன்றாவது வாரம், கடல் வற்றும் நேரத்தில், மிதவைகளுக்கு நடுவே நேராகக் கோவிந்தராஜ் ஓட்டிவந்த பார்ஜ் பாறையில் ஏறியது. ஏற்றியிருந்த கற்கள் சரிந்து அவன் காலை நசுக்கின. பக்கத்து லாஞ்சிலிருந்து ஏறிப்போன டெர்வின்தான் தன் லுங்கியைக் கிழித்துக் கட்டினான். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஜெட்டியில் கோவிந்தராஜின் மனைவி சித்ரா டெர்வினைத் தேடி வந்தாள். எல்லோர் முன்னாலும் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீங்க கட்டலன்னா உசுரே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு.”

அவன் கைகளை உருவிக்கொண்டான். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போது காண்ட்ராக்டர் வந்தார். “கோவிந்தராஜ் வழிய விட்டு வெளிய ஓட்டிட்டான். என் மேல என்ன தப்பு? ஆழம் பாத்தவனே இருக்கான். போல் நா, சொல்லு டெர்வின்!”

டெர்வின் சித்ராவைப் பார்க்காமல் பேசினான்.

“அவரு சரியாத்தான் ஓட்டுனாரு. அங்க ஒண்ணரைப் பாகம்தான். இவரு சொல்லி நான் மூணுன்னு கத்துனேன். அந்தக் கால எடுத்தது நான்தான், தங்கச்சி.”

சித்ரா ஓரடி பின்வாங்கினாள்.

“நாளையிலேர்ந்து உனக்கு வேலை கிடையாது” என்றார் காண்ட்ராக்டர்.

“அப்ப எங்களுக்கும் வேணாம்” என்றாள் கல் ஏற்றும் ரெங்கம்மா. “திரும்ப அளக்காம ஒரு பார்ஜும் நகராது.” டெர்வினிடம் திரும்பினாள். “உன்ன மன்னிச்சிட்டோம்னு நெனைக்காத. ஆபீஸ்ல வந்து இதையே சொல்லு.”

முப்பத்தொரு பேர் துறைமுக அலுவலகத்துக்கு நடந்தார்கள். அதிகாரி சாப்பிடப் போயிருப்பதாகக் காவலாளி சொன்னான். வரும்வரை படியை விட்டு எழுவதில்லை என்று உட்கார்ந்தார்கள். தலை நிமிராத டெர்வின் கடைசிப் படியில், தனியாக.

சித்ரா வந்தாள். எல்லோரும் பார்க்க, அதே படியின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.